சுப்ரீம்ஸுக்கு முன்னாடியே தபால்காரர் வந்துட்டாரு: மார்வலெட்ஸ் பத்தி

கேள்வி | 6 ஜனவரி, மாலை 7.12

மோடவுன்ங்கிற அமெரிக்க ரெக்கார்ட் கம்பெனி பத்தி ஒரு வீடியோ பாத்தேன். சோல் மியூசிக்ல முதல் பெரிய பெண்கள் குழு சுப்ரீம்ஸ்தான், அதுல பாடின டயானா ராஸ் வர்ற வரைக்கும் அந்தக் கம்பெனியே குடிசைத் தொழில் மாதிரிதான் ஓடிச்சுன்னு சொல்றாங்க. சரிதானா? பழைய பாட்டு கேக்குறவங்க யாராச்சும் சொல்லுங்க.

6 ஜனவரி, இரவு 10.48

தப்பு. சுப்ரீம்ஸ் முதல் தடவை நம்பர் ஒன் ஆனது 1964 ஆகஸ்ட்ல. அதுக்கு ரெண்டரை வருஷம் முன்னாடியே, 1961 டிசம்பர்ல, மோடவுனுக்கு அமெரிக்க பாப் சார்ட்ல முதல் நம்பர் ஒன் வாங்கிக் குடுத்தது மார்வலெட்ஸ். பாட்டு 'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்'. பாடினது ஸ்கூல் பொண்ணுங்க. லீட் பாடின கிளாடிஸ் ஹார்ட்டனுக்கு அப்ப வயசு 16. கறுப்பினப் பெண்கள் குழு ஒண்ணு நம்பர் ஒன்னுக்குப் போனதே அதுதான் முதல் தடவை.

பாட்டு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், ஆனா இவங்க குரல்ல கேட்டிருக்க மாட்டீங்க. ஒண்ணு பீட்டில்ஸ் பாடினதைக் கேட்டிருப்பீங்க, இல்லன்னா கார்பென்டர்ஸ். நானும் அப்படித்தான் ரொம்ப வருஷம் இருந்தேன், அது ஒரு அசிங்கமான கதை, அப்புறம் சொல்றேன்.

7 ஜனவரி, காலை 6.30

நேத்து தூக்கக் கலக்கத்துல ஒண்ணு தப்பா எழுதிட்டேன், யாரும் பிடிக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். முதல் தடவை நம்பர் ஒன் ஆன கறுப்பினப் பெண்கள் குழு ஷிரெல்ஸ். நியூ ஜெர்சி பஸ்ஸைக் ஊர்ப் பொண்ணுங்க, 1961 ஜனவரி, 'வில் யூ லவ் மீ டுமாரோ'. கேரல் கிங்கும் ஜெர்ரி காஃபினும் எழுதினது. மார்வலெட்ஸுக்கு உள்ள பெருமை மோடவுனோட முதல் பாப் நம்பர் ஒன்ங்கிறது. அதுவே போதும், நான் ஏன் கூடக் கொஞ்சம் சேத்துப் போட்டேன்னு தெரியல. பிடிச்சவங்களப் பத்திப் பேசும்போது கை கொஞ்சம் தாராளமாப் போயிடுது.

7 ஜனவரி, இரவு 9.15

சரி, ஊர்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா ஊர் தெரியாம இந்தக் கதை புரியாது.

இங்க்ஸ்டர். மிஷிகன்ல, டெட்ராய்ட்டுக்கு மேற்க இருக்குற சின்ன ஊர். பக்கத்துல டியர்பார்ன், ஃபோர்டு கம்பெனியோட ரூஜ் ஃபேக்டரி இருக்குற ஊர். அந்தக் காலத்துல ஃபோர்டுல கறுப்பினத்தவங்களுக்கு வேலை கிடைக்கும், ஆனா டியர்பார்ன்ல வீடு கிடைக்காது. ஆர்வில் ஹப்பர்ட்னு ஒரு மேயர், 1942-ல இருந்து 1978 வரைக்கும் நாற்காலிய விடல, அவங்க உள்ள குடிவரக் கூடாதுங்கிறதையே கொள்கையா வெச்சிருந்த ஆளு. அதனால ஷிஃப்ட் முடிஞ்சா எல்லாரும் திரும்பிப் போற ஊர் இங்க்ஸ்டர். பகல்ல காருக்கு நட்டு முடுக்குறது ஒரு ஊர்ல, ராத்திரி தலை சாய்க்கிறது இன்னொரு ஊர்ல. இது நமக்கு ஒண்ணும் புதுசா விளக்க வேண்டிய விஷயம் இல்ல.

அந்த ஊர் ஹை ஸ்கூல்ல கிளீ கிளப்னு ஒரு பாட்டுக் குழு. அதுல இருந்த பொண்ணுங்க சேந்து 1961-ல ஒரு கோஷ்டி ஆரம்பிச்சாங்க. கிளாடிஸ் ஹார்ட்டன், ஜார்ஜியானா டில்மன், கேத்தரின் ஆண்டர்சன், ஜுவானிட்டா கவர்ட், அப்புறம் படிப்ப முடிச்சிருந்த ஜார்ஜியா டாபின்ஸ். தங்களுக்கே வெச்சுக்கிட்ட பேரு 'கேசின்யெட்ஸ்'. "இன்னும் பாட வரல"ங்கிறத இங்கிலீஷ்ல (can't sing yet) வேகமாச் சொன்னா வர்ற சத்தம் அது. அடக்கத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா.

ஸ்கூல்ல திறமைப் போட்டி வெச்சாங்க. முதல் மூணு இடம் வர்றவங்களுக்கு மோடவுன்ல ஆடிஷன். இவங்க நாலாவது வந்தாங்க! ஷெர்லி ஷார்ப்லின்னு ஒரு டீச்சர், இந்தப் பிள்ளைங்களையும் சேத்து அனுப்புங்கன்னு விடாம பேசி அனுமதி வாங்கினாங்க. அந்தம்மா மட்டும் "போட்டின்னா போட்டிதான், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"னு விட்டிருந்தா இந்த இழையே இல்ல. மோடவுன்ல கேட்டாங்க, பிடிச்சுது, ஆனா மத்தவங்க பாட்டப் பாடாதீங்க, சொந்தமா ஒண்ணு கொண்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

ஜார்ஜியா டாபின்ஸ் ஒரு நண்பர்கிட்ட போனாங்க, வில்லியம் காரெட்னு பாட்டு எழுதுறவரு. அவர்கிட்ட தபால்காரரப் பத்தி ஒரு ப்ளூஸ் பாட்டு இருந்துச்சு. ஜார்ஜியா அத வாங்கி ராத்திரியோட ராத்திரியா மாத்தி எழுதி, கிளாடிஸுக்குச் சொல்லியும் குடுத்தாங்க. அப்புறம் கான்ட்ராக்ட் வந்துச்சு. வீட்ல அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, அப்பா பொண்ண அனுப்ப மாட்டேன்னுட்டாரு. ஜார்ஜியா விலகிட்டாங்க. அவங்க இடத்துக்கு வந்தது வாண்டா யங். பேரையும் மோடவுன் முதலாளி பெர்ரி கோர்டி மாத்திட்டாரு, கேசின்யெட்ஸ் போயி மார்வலெட்ஸ்.

அதாவது மோடவுனோட முதல் நம்பர் ஒன் பாட்ட உருவாக்கின பொண்ணு அந்த ரெக்கார்ட்ல பாடவே இல்ல. நாலு மாசம் கழிச்சு அந்தப் பாட்டு ஊரெல்லாம் ரேடியோவுல ஓடும்போது அவங்க வீட்ல என்ன பண்ணிட்டு இருந்திருப்பாங்கன்னு நினைச்சா எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. 2020-ல காலமானாங்க.

7 ஜனவரி, இரவு 9.40

ஒண்ணு விட்டுப்போச்சு. பாட்ட எழுதினவங்கன்னு அஞ்சு பேர் வருது. ஜார்ஜியா, காரெட், தயாரிச்ச பிரையன் ஹாலண்ட், ராபர்ட் பேட்மன், அஞ்சாவது ஃப்ரெடி கோர்மன். கோர்மனுக்கு அப்ப வேலை என்ன தெரியுமா? போஸ்ட்மேன். நிஜமாவே. டெட்ராய்ட்ல தபால் போட்டுட்டு இருந்தவரு. கதையில எழுதினா நம்ப மாட்டோம்.

டிரம்ஸ் வாசிச்சது மார்வின் கே, பின்னாடி பெரிய பாடகரானவரு. ஆமா, அவரேதான், அப்ப பாடகரா பெருசா எடுபடல.

8 ஜனவரி, இரவு 11.05

"என்ன அப்படி இருக்கு அந்தப் பாட்டுல, நாலே கார்டு (chord) தானே"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கீங்க. நாலு கார்டுதான். ஹெட்ஃபோன் போட்டு முதல் பத்து செகண்ட் கேளுங்க. ஆரம்பத்துலயே கோரஸ் பொண்ணுங்க எல்லாரும் சேந்து ஒரே ஒரு வார்த்தை, நில்லுன்னு ஒரு சத்தம். பாட்டு மாதிரி இல்ல, தெருவுல போற ஆளக் கூப்புடுற மாதிரி. அப்புறம்தான் கிளாடிஸ் வர்றாங்க. அந்தக் குரல்ல ஒரு கரகரப்பு இருக்கு, தொண்ட கட்டின பொண்ணு வாசல்ல இருந்து கத்துற மாதிரி, சுருதி ஒண்ணும் விலகல, ஆனா அழகா பாடணும்ங்கிற நினைப்பே இல்ல. கடிதம் வந்திருக்கான்னு தெரியணும், அவ்வளவுதான். முடிவுல பாருங்க, பாட்டு தேயுற நேரத்துலயும் அந்தாள விட மாட்டேங்கிறாங்க, பைக்குள்ள இன்னொரு தடவ பாருங்கன்னு கெஞ்சுறாங்க. தபால்காரர் வீட்டத் தாண்டிப் போயிட்டாருன்னு தெரிஞ்சும் கேட்டுல நின்னு பாத்தவங்களுக்கு இது புரியும். வாட்ஸப்ல நீல டிக் பாக்குற தலைமுறைக்கும் புரியும்னுதான் நினைக்கிறேன்.

பீட்டில்ஸ்ல ஜான் லெனன் பாடினதும் நல்லாருக்கும், 1963 ஜூலையில ரெக்கார்ட் பண்ணாங்க, அதுல ஒரு ஆத்திரம் இருக்கு. கேரன் கார்பென்டர் குரல் தேன், சந்தேகமே இல்ல, 1975 ஜனவரியில அதுவும் நம்பர் ஒன். ஒரே பாட்டு ரெண்டு வேற வேற குழுவுக்கு நம்பர் ஒன் ஆகுறது ரொம்ப அபூர்வம். ஆனா அந்த கார்பென்டர்ஸ் பாட்டுல கடிதம் வரலன்னா கூட அந்தப் பொண்ணு நல்லாத்தான் இருப்பான்னு தோணும். கிளாடிஸ் பாடினதக் கேட்டா அப்படித் தோணாது.

பி.கு: இந்த ஹிட்டுக்கு அடுத்து மோடவுன் என்ன விட்டாங்க தெரியுமா? 'ட்விஸ்டின் போஸ்ட்மேன்'. அதே போஸ்ட்மேன், இப்ப ட்விஸ்ட் ஆடுறாரு. நம்ம ஊர்ல பேய்ப் படம் ஒண்ணு ஓடினா வரிசையா பேய் வருமே, அந்த மாதிரி.

9 ஜனவரி, மதியம் 1.20

ஆல்பம் அட்டைய யாரோ கேட்டீங்க. முதல் ஆல்பம் அட்டையில இந்தப் பொண்ணுங்க படமே கிடையாது. ஒரு தபால் பெட்டி படம்தான். வெள்ளைக்காரங்க கடையில கறுப்பின முகம் இருந்தா ரெக்கார்ட் விக்காதுன்னு பயம், அப்ப நிறைய கம்பெனிங்க செஞ்ச வேலை இது. நாட்டுலயே நம்பர் ஒன் பாட்டு, பாடினவங்க யாருன்னு அட்டையப் பாத்தா தெரியாது.

அதே பொண்ணுங்களத்தான் 1962 கடைசியில மோட்டார்டவுன் ரெவ்யூன்னு ஒரு கச்சேரிச் சுத்துப்பயணத்துக்கு பஸ்ஸுல ஏத்தி தெற்கு மாநிலங்களுக்கு அனுப்பினாங்க. கக்கூஸ் போகக்கூட விடாத ஊருங்க. அலபாமா பர்மிங்ஹாம்ல பஸ்ஸ நோக்கி துப்பாக்கியால சுட்டிருக்காங்க. அந்த பஸ்ல சுப்ரீம்ஸும் இருந்தாங்க, ஆனா அப்ப ஹிட் இருந்தது மார்வலெட்ஸுக்கு. சுப்ரீம்ஸ மோடவுன்ல "ஹிட் இல்லாத சுப்ரீம்ஸ்"னு கிண்டல் பண்ணிட்டு இருந்த காலம்.

9 ஜனவரி, இரவு 10.30

இப்ப அந்த அசிங்கமான கதை.

எங்க சித்தப்பா சேலத்துல ஒரு கேசட் வெச்சிருந்தாரு, கார்பென்டர்ஸ் ஹிட்ஸ், யாரோ சிங்கப்பூர்ல இருந்து கொண்டு வந்தது. நான் இங்கிலீஷ் பாட்டுன்னு முதல்ல கேட்டது அதத்தான். அதுல போஸ்ட்மேன் பாட்டு ஏ பக்கத்துல மூணாவது. ஒரு நாள் டேப் சிக்கி அந்த இடத்துல ரெண்டு செகண்ட் நசுங்கிப்போச்சு, பென்சில விட்டு சுத்தி சரி பண்ணினோம், இன்னிக்கும் அந்தப் பாட்ட எங்க கேட்டாலும் அந்த ரெண்டு செகண்டுக்கு என் காது காத்துட்டு இருக்கும்.

அப்புறம் 2006-ல இருந்து மூணு வருஷம் மிஷிகன்ல வேலை. வீடு கேன்டன், வேலை டியர்பார்ன் பக்கம். நம்ம ஆளுங்க கேன்டன்ல நிறைய, கோயில் இருக்கு, இட்லி மாவு கிடைக்கும். ஃப்ரீவே நெரிசலா இருந்தா மிஷிகன் அவென்யூ வழியா போவேன். அந்த ரோடு வெய்ன் தாண்டி இங்க்ஸ்டருக்குள்ள போயி டியர்பார்ன்ல ஏறும். ஆபீஸ்ல சொல்லி வெச்சிருந்தாங்க, இங்க்ஸ்டர்ல சிக்னல்ல மட்டும் நில்லு, கடையில கிடையில இறங்காதேன்னு. சொன்னதும் நம்ம ஆளுதான். நானும் தலையாட்டினேன்.

ஒரு குளிர்காலத்துல பெட்ரோல் தீரப்போகுதுன்னு லைட் எரிஞ்சிருச்சு, வேற வழியில்லாம அங்க ஒரு கேஸ் ஸ்டேஷன்ல, அதாவது பெட்ரோல் பங்க்ல, நிறுத்தினேன். பம்புல கார்டு எடுக்கல, உள்ள போயி காசு குடுக்கணும். கார்ல பாட்டு ஓடிட்டு இருந்துச்சு, கதவ சரியா சாத்தல போல, கடைக்குள்ள வரைக்கும் கேக்குது. கார்பென்டர்ஸ் போஸ்ட்மேன். கல்லாவுல ஒரு வயசான அம்மா, அறுபதுக்கு மேல இருக்கும், தலையில பூப்போட்ட துணி. அவங்க மீதிய எண்ணிக்கிட்டே சொன்னாங்க, அது எங்க ஸ்கூல் பொண்ணுங்க பாட்டுன்னு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இல்ல மேடம், இது கார்பென்டர்ஸ் பாட்டுன்னு சொன்னேன். விளக்கம் வேற குடுத்தேன், அண்ணன் தங்கச்சி, கலிஃபோர்னியாங்கன்னு. அவங்க என்ன ஒரு நிமிஷம் பாத்தாங்க, கோபமெல்லாம் இல்ல, சிரிச்சாங்க. மூணு ஒரு டாலர் நோட்டு, கொஞ்சம் சில்லற, கையில வெச்சு, ஜாக்கிரதையா ஓட்டுப்பா ரோடு வழுக்குதுன்னாங்க.

ஒரு வருஷம் கழிச்சு ஊர்ல இருந்து வந்த மச்சானக் கூட்டிட்டு மோடவுன் மியூசியம் போனோம். டெட்ராய்ட் வெஸ்ட் கிராண்ட் பூல்வார்ட் 2648, சாதாரண வீடு, மாடி வீடு, முன்னாடி ஹிட்ஸ்வில்னு போர்டு. உள்ள ஸ்டூடியோ ஏ. அவ்வளவு சின்ன ரூம். மேல எக்கோ சேம்பர்னு கூரையில ஒரு ஓட்டை, அதுக்குக் கீழ நின்னு கைதட்டச் சொல்வாங்க, தட்டினா சத்தம் வேற மாதிரி திரும்பி வரும். ஒரு மிட்டாய் மெஷின் இருக்கு, கண்ணு தெரியாத பாடகர் ஸ்டீவி வொண்டர் தடவி எடுக்கணும்னு அவருக்குப் பிடிச்ச மிட்டாய எப்பவும் ஒரே இடத்துல வெப்பாங்களாம். மச்சான் அதத்தான் போட்டோ எடுத்துட்டு இருந்தாரு. கைடு பொண்ணு மார்வலெட்ஸ் பத்திச் சொல்லும்போது ஒரு வார்த்த சொல்லிச்சு, இங்க்ஸ்டர் ஹை ஸ்கூல்னு.

எனக்கு கேஸ் ஸ்டேஷன் கல்லா ஞாபகம் வந்துச்சு. அதுக்கப்புறம் மியூசியத்துல வேற எதுவும் சரியா பாக்கல.

9 ஜனவரி, இரவு 11.50

திரும்பப் போயி மன்னிப்பு கேட்டியான்னு கேட்டவருக்கு: போனேன். வேற ஆளு இருந்தாரு. அந்தம்மா பேரும் எனக்குத் தெரியாது, என்னன்னு விசாரிக்கிறது. ஒரு காபி வாங்கிட்டு வந்துட்டேன்.

11 ஜனவரி, காலை 7.45

மோடவுன் இவங்களுக்கு துரோகம் பண்ணிட்டாங்கன்னு ஒருத்தர் எழுதியிருக்கீங்க. ஏறி வந்த ஏணிய எட்டி உதைச்ச கதைன்னு நானே பல வருஷமா பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவன்தான். இப்ப அவ்வளவு உறுதியா சொல்ல மாட்டேன்.

'வேர் டிட் அவர் லவ் கோ' பாட்டு தெரியும்ல, சுப்ரீம்ஸுக்கு முதல் நம்பர் ஒன் வாங்கிக் குடுத்த பாட்டு. அது முதல்ல மார்வலெட்ஸுக்குப் போன பாட்டு. கேட்டுட்டு இது நமக்கு வேண்டாம்னுட்டாங்க. பின்னணி இசை டிராக்க கிளாடிஸோட சுருதிக்கு ஏத்த மாதிரி ஏற்கனவே போட்டு வெச்சிருந்தாங்கன்னு எழுதினவங்கள்ல ஒருத்தரான லமான்ட் டோசியர் சொல்லியிருக்காரு. அதனாலதான் டயானா ராஸ் வழக்கத்த விடக் கீழ் ஸ்தாயியில பாட வேண்டியதாச்சு, அந்தக் கீழ் குரல்தான் உலகத்தையே மயக்கிச்சு. குருவி உக்கார பனம்பழம் விழுந்த மாதிரி. மார்வலெட்ஸ் எடுத்துக்கிட்டது 'டூ மெனி ஃபிஷ் இன் த சீ'. அருமையான பாட்டு, 25-வது இடம் வரைக்கும் வந்துச்சு. நம்பர் ஒன்னுக்குப் போன பாட்டோட கணக்குப் பாத்தா என்ன சொல்றது.

ஆனா அத மட்டும் வெச்சு அவங்க தலையில போடுறதும் நியாயமில்ல. மேக்சின் பவல் அம்மா நடத்தின நடை உடை பாவனை வகுப்பு, சோலி அட்கின்ஸ் சொல்லிக்குடுத்த டான்ஸ் ஸ்டெப், இதெல்லாம் மோடவுன்ல பெருசா வளந்து நின்னப்ப கம்பெனியோட கண்ணு முழுக்க சுப்ரீம்ஸ் பக்கம். மார்வலெட்ஸ் அதுக்கு முன்னாடியே, ஒண்ணும் சொல்லிக்குடுக்காம, ஸ்கூல் யூனிஃபார்ம் வாசனை போறதுக்குள்ள மேடை ஏறினவங்க. இங்க்ஸ்டர்ல இருந்து வந்ததால டெட்ராய்ட் ஆளுங்க கிராமத்து பொண்ணுங்க மாதிரி பாத்தாங்கன்னு கேத்தரின் பேட்டிகள்ல சொல்லியிருக்காங்க.

இதுல ஜுவானிட்டா கதைய நினைச்சா சிரிப்பும் வருது, மனசுக்குக் கஷ்டமாவும் இருக்கு. அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட் டிவி நிகழ்ச்சியில எந்த ஊருன்னு கேட்டதுக்கு பதட்டத்துல டெட்ராய்ட் எங்க இங்க்ஸ்டரோட புறநகர்னு சொல்லிட்டாங்க. செங்கல்பட்டுக்காரன் "எங்க ஊர்ப் பக்கத்துலதான் மெட்ராஸ் இருக்கு"ன்னு சொன்னா நாம கைதட்டியிருப்போம். அவங்களையோ கேலி பண்ணிட்டாங்க. சுத்துப்பயணம், அசதி, இதெல்லாம் சேந்து மனசு உடைஞ்சு 1963-ல விலகிட்டாங்க. டீன் ஏஜ் தாண்டாத பொண்ணு.

12 ஜனவரி, இரவு 8.10

தொலைபேசி நம்பர் பாட்டு எது, நம்பர் நிஜமான்னு கேட்டீங்க. 'பீச்வுட் 4-5789', 1962. மார்வின் கேவும் சேந்து எழுதினது. பீச்வுட்ங்கிறது (Beechwood) டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பேரு, அப்பல்லாம் அந்தப் பேரோட முதல் ரெண்டு எழுத்த டயல்ல சுத்தணும். பழைய டயல்ல 'பி'க்கு 2, 'இ'க்கு 3, ஆக 234-5789. சின்ன வயசுல எங்க வீட்டு லேண்ட்லைன் நாலு இலக்கம்தான், அதயே பாட்டா பாடி மனப்பாடம் பண்ணினோம், அதனால இந்தப் பாட்டு மேல தனிப் பிரியம்.

அதே வருஷம் 'ப்ளேபாய்', 7-வது இடம், கிளாடிஸும் சேந்து எழுதினது. 1963-ல 'லாக்கிங் அப் மை ஹார்ட்' வந்தப்ப ரேடியோக்காரங்கள்ல பாதிப் பேர் பின்பக்கம் இருந்த 'ஃபாரெவர்' பாட்டப் போட்டாங்க. ஓட்டு பிரிஞ்ச தொகுதி மாதிரி ரெண்டுமே மேல வரல. 'ஃபாரெவர்' வாண்டா பாடினது. என்னைக் கேட்டா அன்னிக்கே கம்பெனிக்குப் புரிஞ்சிருக்கணும், இந்தக் குழுவுல ரெண்டு லீட் இருக்குன்னு.

12 ஜனவரி, இரவு 8.55

வாண்டா பத்தி ஒரு வரியில முடிச்சது தப்பு. மார்வலெட்ஸுக்கு ரெண்டாவது வாழ்க்கை ஒண்ணு உண்டு, அது முழுக்க வாண்டா. மோடவுன்ல பாட்டு எழுதிப் பாடிட்டு இருந்த ஸ்மோக்கி ராபின்சன் அந்தக் குரலப் பிடிச்சுக்கிட்டாரு. 1966-ல 'டோன்ட் மெஸ் வித் பில்', திரும்ப 7-வது இடம். 1967-ல 'த ஹன்டர் கெட்ஸ் கேப்சர்ட் பை த கேம்', 13. வேட்டைக்காரன் வலையில அவனே மாட்டின கதை. கிளாடிஸ் வாசல்ல நின்னு கூப்பிட்டாங்கன்னா வாண்டா காதுகிட்ட வந்து சொல்றாங்க, அவ்வளவு மெல்லிசு, ஆனா உள்ளுக்குள்ள ஒரு எச்சரிக்கை இருக்கு. கிரேஸ் ஜோன்ஸ், பிளாண்டி, மாஸிவ் அட்டாக்னு ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமே இல்லாதவங்க இந்த ஒரே பாட்டத் தேடி வந்து பாடியிருக்காங்க. போஸ்ட்மேன விட்டுட்டு இதக் கேட்டு இவங்க ரசிகரானவங்களும் உண்டு. நான் இப்ப அந்தக் கட்சி. ஆறாம் தேதி என்கிட்ட கேட்டிருந்தா போஸ்ட்மேன்னு சொல்லியிருப்பேன், இந்த இழைக்காக ஒரு வாரமா கேட்டதுல மாறிட்டேன்.

அதுக்குள்ள குழு கரைஞ்சுட்டே வந்துச்சு. ஜார்ஜியானா 1965-ல உடம்பு முடியாம விலகினாங்க, லூபஸ், 1980-ல போயிட்டாங்க. 1967-ல கல்யாணம் குடும்பம்னு கிளாடிஸ் விலகினாங்க, ஆன் போகன் வந்தாங்க. 1970-ல 'ரிட்டர்ன் ஆஃப் த மார்வலெட்ஸ்'னு ஒரு ஆல்பம், பேருதான் குழு, உள்ள வாண்டா மட்டும், பின்னாடி ஆண்டான்டெஸ்னு ஸ்டூடியோ கோரஸ் பாடகிங்க மூணு பேர். அந்த மூணு பேரும் யார் யார் பாட்டுலயோ பேர் இல்லாம பாடியிருக்காங்க. அவங்களுக்கு ஒரு இழை யாராச்சும் ஆரம்பிங்க, நான் வர்றேன்.

14 ஜனவரி, இரவு 10.20

"இப்பவும் மார்வலெட்ஸ் மேடையில பாடுறாங்களே, 90-கள்ல நியூ ஜெர்சியில நான் பாத்தேனே"ன்னு ஒருத்தர். சார், மனசு நோக வேண்டாம், நீங்க பாத்தது பெரும்பாலும் மார்வலெட்ஸ் இல்ல.

மார்வலெட்ஸ்ங்கிற பேரு அந்தப் பொண்ணுங்களுக்குச் சொந்தம் கிடையாது. கம்பெனி வெச்ச பேரு, கம்பெனி சொத்து. பின்னாடி அந்த உரிமை லேரி மார்ஷக்னு ஒரு நிகழ்ச்சி அமைப்பாளர் கைக்குப் போச்சு. அவரு வேற பொண்ணுங்கள வெச்சு மார்வலெட்ஸ்னு ஊர் ஊரா ஓட்டினாரு. 1961-ல பிறந்தே இருக்காத பொண்ணுங்க நாங்கதான் போஸ்ட்மேன் பாடினோம்னு கும்பிடு போட்டாங்க. நிஜ கிளாடிஸ் தன் குழுவோட பேர்ல பாடப் போனா வக்கீல் நோட்டீஸ் பயம். இத எதுத்து கிளாடிஸும் கேத்தரினும் ரொம்ப வருஷம் போராடினாங்க. சுப்ரீம்ஸோட மேரி வில்சனும் மாநிலம் மாநிலமா போயி பேசினாங்க. 2005-ல பென்சில்வேனியாவுல ஆரம்பிச்சு நிறைய மாநிலங்கள்ல ட்ரூத் இன் மியூசிக்னு சட்டம் வந்துச்சு. அசல் ரெக்கார்ட்ல பாடின ஒருத்தராச்சும் இல்லாம, இல்லன்னா பேருக்கு முறையான உரிமை இல்லாம, அந்தக் குழுவோட பேர்ல டிக்கெட் விக்கக் கூடாதுன்னு.

ஆல்பம் அட்டையில முகம் இல்ல, மேடையில முகம் வேற. ஒன்பதாம் தேதி அட்டையப் பத்தி எழுதும்போது இது ரெண்டும் ஒண்ணுன்னு எனக்குத் தோணல. முகத்தக் காட்டாம வித்த குழுவுக்கு யார் முகத்தையும் ஒட்டலாம்ல. கேஸ் ஸ்டேஷன்ல நான் பண்ணினதும் கிட்டத்தட்ட அதே வேலைதான், கார்பென்டர்ஸ் முகத்த ஒட்டினேன்.

15 ஜனவரி, காலை 6.50

பெரிய இசைக்கலைஞர்களக் கௌரவிக்கிற ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல இருக்காங்களான்னா, இல்ல. 2013-க்கும் 2015-க்கும் பரிந்துரைப் பட்டியல்ல வந்தாங்க, ரெண்டு தடவையும் உள்ள விடல. சுப்ரீம்ஸ் 1988-லயே உள்ள. போஸ்ட்மேன் பாட்டு மட்டும் 2011-ல கிராமி ஹால் ஆஃப் ஃபேம்ல சேந்துச்சு. அதே 2011 ஜனவரியிலதான் கிளாடிஸ் காலமானாங்க, கலிஃபோர்னியாவுல ஒரு நர்சிங் ஹோம்ல, வயசு 65. வாண்டா 2021 டிசம்பர். கேத்தரின் 2023 செப்டம்பர்.

இங்க்ஸ்டர் பள்ளி நிர்வாகத்தையே காசில்லன்னு 2013-ல மாநில அரசு கலைச்சிருச்சு, பிள்ளைங்களப் பக்கத்து ஊர் ஸ்கூல்களுக்குப் பிரிச்சு அனுப்பிட்டாங்க.

15 ஜனவரி, இரவு 9.30

முதல்ல கேள்வி கேட்டவரு "அப்ப சுப்ரீம்ஸ் ஒண்ணுமில்லையா"ன்னு வருத்தப்பட்டு எழுதியிருக்காரு. ஐயோ இல்லங்க. பன்னெண்டு நம்பர் ஒன், அதுல அஞ்சு வரிசையா. நான் தினம் கேக்குறேன். சுப்ரீம்ஸ்ல இருந்த ஃப்ளோரன்ஸ் பல்லார்ட் 32 வயசுல போனத நினைச்சா அந்தப் பக்கமும் சோகத்துக்குக் குறைவில்ல. நான் சொன்னது யாரு முதல்ல கதவத் தட்டினாங்கன்னு மட்டும்தான்.

எதுல இருந்து கேக்க ஆரம்பிக்கட்டும்னு கேட்டீங்க. முதல்ல 'ஃபாரெவர்', அப்புறம் 'த ஹன்டர்', அதுக்கப்புறம் போஸ்ட்மேன், அதுவும் ஸ்டீரியோ இல்லாத மோனோ ரெக்கார்டிங்ல. 'வென் யூ ஆர் யங் அண்ட் இன் லவ்' ராத்திரிக்கு வெச்சுக்கோங்க, இங்கிலாந்துல இவங்களோட ஒரே சார்ட் பாட்டு அதுதான், 13-வது இடம்.

16 ஜனவரி, இரவு 11.10

சித்தப்பாவுக்கு இன்னிக்கு போன்ல மார்வலெட்ஸ் பாடின போஸ்ட்மேன அனுப்பினேன். கேட்டுட்டு கூப்பிட்டாரு. "பாட்டெல்லாம் சரிடா, அந்த டேப் சிக்குற இடம் இதுல வரலையே"ங்கிறாரு.